பேராசிரியர் படிக்காத கடிதம்

கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவளுக்குச் ‘சிடுமூஞ்சி’ என்று பட்டப்பெயர். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க, பேராசிரியரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டாள்.

“எல்லாரையும் போல நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள அவள் என்ன தேர்தலிலா நிற்கிறாள்? பேராசிரியரே சொல்வதுபோல, உள்ளதை உள்ளபடி எழுதினாள்: “மூன்று வருடங்களாக நான் ஆய்வகத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. என் மாணவர்களுக்கு அத்தனை சோதனைகளையும் செய்துகாட்டியவள் இவள்தான்.”

மறுநாள் நீட்டினாள். அவர் பேனாவைத் திறந்தார்.

“ஒரு தடவை படிச்சுப் பாருங்க சார்.”

“எதுக்கும்மா? நீ எழுதினா உண்மையாத்தான் இருக்கும்,” என்று கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

“உண்மைதான் சார்,” என்று அவர் கண்ணெதிரிலேயே உறையை ஒட்டினாள்.