மிளகாய் அக்காவின் மனசை அளந்த கதை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அந்த அம்மாளுக்கு மிளகாய் அக்கா என்றுதான் பேர். கண்காணிப்பாளரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். வயது அறுபதைத் தொட்டாயிற்று. பொழுது சாய்ந்தால் கால் இரண்டும் தூண்மாதிரி வீங்கிவிடும். மத்தியானம் பின்னறை பெஞ்சில் அரைமணி நேரம் காலை நீட்டுவாளே, அதில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அரைமணியைப் பிடுங்கிவிட்டார்கள்.

வேலை செய்கிறவர்களின் மனசு எப்படி இருக்கிறதென்று வயதுவாரியாக அளக்க, ஆபீஸிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். இளசுகள், நடுவயசு, மூத்தவர்கள் என்று மூன்று கூட்டம். வந்தவள் யார்? மிளகாய் அக்கா மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில், சம்பந்தியம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மகள்! சம்பந்தி வீட்டு ஆள் முன்னால் எவளாவது மூக்கைச் சிந்துவாளா?

"தூக்கம் வருதா பெரியம்மா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேம்மா."

"மனசுல கவலை ஏதாவது?"

"எனக்கென்ன குறைச்சல்? ராணி மாதிரி இருக்கேன்."

தங்கள் முறைக்காகப் பின்னால் நின்ற சலவைக்கூடத்துக் கிழவிகள் நான்கு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். இவள் ராணியென்றால் நாங்கள் மட்டும் இளைத்தவர்களா என்று ஆளாளுக்கு மகாராணியானார்கள். இளசுகளோ மூச்சு முட்டுகிறது, அழுகை வருகிறது என்று உள்ளதைக் கொட்டிவிட்டன.

மூத்தவர்கள்தான் எல்லாரையும்விடச் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று முடிவு வந்தது. பெஞ்சையும் அரைமணியையும் இளசுகளுக்கு மாற்றிவிட்டார் கண்காணிப்பாளர்.

மிளகாய் அக்காவுக்கு உச்சந்தலை கொதித்தது. தன் வாயிலேயே நாலு போடலாம் போலிருந்தது. நேரே ஆபீஸுக்குப் போய் அந்தப் பெண்ணின் மேஜைமுன் நின்றாள்.

"அடியே, மறுபடி கேளுடி என்னை!"

"அளந்து முடிச்சாச்சு பெரியம்மா. நீங்கதானே நல்லா இருக்கேன்னீங்க?"

"உன் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னதுடி அது! உங்க அத்தை காதுக்குப் போகுமேன்னு சொன்னது! சொந்தக்காரின்னு தெரிஞ்சதும் வேற ஆளை அனுப்பியிருக்க வேணாமா? நாலு பேரைப் பக்கத்துல நிக்க வெச்சுக் கேட்டா எவ உண்மையைச் சொல்லுவா? படிச்சு என்னத்தைக் கிழிச்சே?"

பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. பேனாவை எடுத்தாள். "சரி, சொல்லுங்க. தூக்கம்?"

"பொட்டுத் தூக்கமில்ல. பாதி, கால் வலி. மீதி, உங்க அத்தை என் பொண்ணைப் பேசுற பேச்சு."

பேனா நின்றது. "இதையுமா எழுதணும்?"

"எழுது. உங்க அத்தைகிட்ட நான் சொன்னேன்னே சொல்லு. அப்புறம் நீ எந்திரி. கேட்கிறதுக்கு வேற யாரையாவது உட்கார வை."

விடுவிடுவென்று சலவைக்கூடத்துக்குப் போய், நான்கு கிழவிகளையும் இழுத்து வந்து ஆபீஸ் வாசலில் நிறுத்தினாள்.

"ஒவ்வொருத்தியா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுங்கடி. பொய் சொன்னீங்க, பல்லைத் தட்டிடுவேன்!"