கோகிலாம்பாளின் காடாத்துணிக் கூடாரம்

காருக்கு மேலே கூடாரம் கட்டிப் படுத்த பெண் என்று அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் கோகிலாம்பாளைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கூடாரத்துக்கு எந்தத் துணி எடுப்பது என்று அவள் பத்து நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தது அவர்களுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

அவள் புருஷன் பொன்னுச்சாமி மிளகாய் வத்தல் வியாபாரி. அறுபத்தஞ்சாம் வருஷம் ஐப்பசியில் மஞ்சள் காமாலை வந்து இரண்டே வாரத்தில் போய்ச் சேர்ந்தார். அப்போது கோகிலாம்பாளுக்கு முப்பத்திமூன்று வயசு. மகள் சண்முகவடிவுக்குப் பன்னிரண்டு. பொன்னுச்சாமி விட்டுப்போனது ஒரு பழைய அம்பாசடர் கார், அதை ஓட்டிய சங்கையா, அப்புறம் திருச்சுழியிலிருந்து வீரசோழன் வரைக்கும் மிளகாய் வெள்ளாமை செய்து, அவர் பெயரைச் சொன்னால் வத்தல் தருகிற சம்சாரிகள். அவ்வளவுதான் சொத்து.

மாசி பிறந்தால் அந்தக் காடுகளில் மிளகாய்ப் பழத்தைப் பறித்துக் களத்தில் காயப்போடுவார்கள். பொன்னுச்சாமி சாயங்காலம் போய் ஒரு கை அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே விதை கலகலவென்று சத்தம் கொடுத்தால் விலையை முடித்துவிடுவார். லோடு ஏற்ற லாரி மறுநாள் காலையில்தான் வரும். அதுவரைக்கும் குவியலுக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து படுத்தால் சாயங்காலம் பார்த்த வத்தல் ஒன்றாகவும் காலையில் சாக்கில் ஏறுகிற வத்தல் வேறாகவும் இருக்கும். சம்சாரிகள் நல்லவர்கள்தான். ஆனால் வெளுத்த சோடை வத்தலைக் கலப்பதும், இரண்டு குடம் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டுவதும் நல்லவர்களும் செய்கிற காரியம்தானே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பொன்னுச்சாமியின் தம்பி சுப்புராஜ் வந்து உட்கார்ந்தான்.

"மதினி, இனிமே களத்துப் பக்கம் நான் பாத்துக்கிறேன். காரையும் எங்கிட்ட விட்ருங்க. ஒங்களுக்கும் பிள்ளைக்கும் மாசாமாசம் அரிசி பருப்பு வந்துரும்."

அரிசி பருப்பு ஒரு வருஷம் வரும் என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த வருஷம் அவன் பெண்டாட்டி அளந்து போடுவாள். அதற்கடுத்த வருஷம் இவள் போய் வாசலில் நிற்கவேண்டியிருக்கும்.

"நானே போறேன் தம்பி" என்றாள்.

"பகல்ல போயிருவீக. ராத்திரி எங்க படுப்பீக?"

அவன் கெட்ட எண்ணத்தோடு கேட்டிருந்தாலும் கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான். சம்சாரி வீட்டில் தங்கமுடியாது. விடிந்ததும் தாலியறுத்தவள் முகத்தில் முழிக்க எந்த வீட்டிலும் மனசு வராது. களத்தில் ஆம்பிளை மாதிரித் துண்டை விரித்துப் படுக்கவும் முடியாது. காருக்குள்ளே படுத்தால் குவியல் கண்ணுக்குத் தெரியாது. அதைவிட, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளே படுத்திருக்கிறவளைப் பற்றி ஊர் என்னென்ன கதை கட்டும் என்பதைச் சொல்லவேண்டியதே இல்லை. ஒரு சொல் விழுந்தால் போதும். தொழில் சுப்புராஜ் கைக்குப் போய்விடும், சண்முகவடிவைப் பெண் கேட்டு ஒருத்தரும் வரமாட்டார்கள்.

கம்பங்காட்டில் குருவி விரட்டப் பரண் போடுவார்களே, அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. காரின் மேலே சாமான் கட்டுகிற கேரியர் இருக்கிறது. அதில் பலகையைப் போட்டுப் பின்பக்கம் டிக்கி வரைக்கும் நீட்டிவிட்டு, கம்பியை வளைத்துத் துணி கட்டிவிட்டால் அதுவும் பரண்தான். குவியலும் தெரியும், பூச்சி பொட்டும் ஏறாது. ஏணியை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டால் ஒருத்தனும் ஏறமுடியாது.

லாரிக்கும் வண்டிக்கும் தார்ப்பாய் தைக்கிற தங்கசாமியிடம் போனாள். அவர் மூன்று துணியை எடுத்து விரித்தார். ஒன்று தார்ப்பாய். அடைமழைக்கும் ஒழுகாது, ஆனால் உள்ளே வேக்காடு. இரண்டாவது பச்சைக் கித்தான். மழையும் தாங்கும், காற்றுக்கும் ஜன்னல் வைத்துத் தைக்கலாம். மூன்றாவதை அவர் சும்மா ஒரு கணக்குக்குத்தான் போட்டார். வெள்ளைக் காடாத்துணி.

"கித்தான் எடுத்துக்கங்க அக்கா. பத்து வருசம் அசையாது. காடா வேணாம். வெளக்க ஏத்துனா உள்ள இருக்கிற ஆளு நெழலு அப்படியே வெளிய தெரியும்."

தங்கசாமி அதை ஒரு குறையாகத்தான் சொன்னார். கோகிலாம்பாள் கித்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல துணி. அதற்குள்ளே ஏறிப் படுத்துக்கொண்டால் சேலையைத் தளர்த்திக்கொண்டு காலை நீட்டலாம், அழவேண்டுமென்றால் அழலாம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாவிட்டால் உள்ளே அவள் ஒருத்திதான் இருக்கிறாள் என்பது ஊருக்கு எப்படித் தெரியும்?

அந்த யோசனை வந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. பத்து நாள் போட்டுக் குழப்பிக்கொண்டாள். மறைவு வேண்டுமா, பேர் வேண்டுமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பதினோராம் நாள் தங்கசாமியிடம் போய்க் காடாத்துணியையே தைக்கச் சொன்னாள்.

"மழ வந்தா ஒழுகும்க்கா."

"மாசி பங்குனியில இந்தப் பக்கம் என்னைக்குண்ணே மழ பெஞ்சிருக்கு?"

தங்கசாமி காடாவை அளக்க எடுத்தார். அந்தச் சீமையில் ஐப்பசியிலேயே மழை வருமா வராதா என்றுதான் இருந்தது.

சங்கையாவுக்கும் ஒரு ஏற்பாடு சொன்னாள். அவர் அவளைவிடப் பதினைந்து வயசு மூத்தவர், பொன்னுச்சாமியின் பாடையைத் தூக்கிச் சுமந்தவர்களில் ஒருத்தர். அவருடைய முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னாள்.

"அண்ணே, பொழுது அடஞ்சதும் காரப் பூட்டிச் சாவிய எங்கிட்டக் குடுத்துருங்க. நீங்க களத்துல இருக்க வேணாம். தள்ளி எங்கயாச்சும் படுத்துக்கங்க."

"அதுவும் சரிதான் தாயி" என்றார் சங்கையா.

எங்கே படுப்பீர்கள் என்று அவள் கேட்கவில்லை. தள்ளி எங்காவது என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் வருஷம் அந்தக் கூடாரத்தைப் பார்க்கச் சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் வந்தது. அம்மன் தேர் வந்திருக்கிறது என்று கேலி பேசினார்கள். கோகிலாம்பாள் ஏணியை இழுத்துப் போட்டுவிட்டு, அரிக்கேன் விளக்கைக் கொளுத்தித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உட்காருவாள். வெளியே வெள்ளைத் துணியில் ஒற்றைப் பெண்ணின் நிழல். ஒன்றே ஒன்று. பார்த்துக்கொள்ளுங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். நிழலுக்குத் தகுந்தபடி இருக்கவும் பழகிக்கொண்டாள். சோம்பல் முறிக்கமாட்டாள். கையைத் தூக்கிக் கூந்தலை அவிழ்க்கமாட்டாள். தன் வீட்டுக் கண்ணாடி முன்னால்கூட ஒரு பெண் இத்தனை பயந்து உட்கார்ந்திருக்கமாட்டாள். உடம்பு வலித்தாலும் களத்துக்காரர்கள் வீட்டுக்குப் போய் அடங்கும்வரை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பாள்.

அதற்குப் பலன் இருந்தது, இல்லை என்று சொல்லமுடியாது. ஐந்து வருஷத்தில் ஒரு சொல் விழவில்லை. கேலி செய்த வாய்களே, பொன்னுச்சாமி சம்சாரம் நெருப்பு என்று சொல்லத் தொடங்கின. சுப்புராஜ் வாயை மூடிக்கொண்டான். எழுபத்தொன்றாம் வருஷம் தை மாசம் சண்முகவடிவை நரிக்குடிப் பக்கமிருந்து பெண் கேட்டு வந்தார்கள். வைகாசியில் கல்யாணம் என்று நாளும் குறித்தாகிவிட்டது.

அந்தப் பங்குனியில்தான் மழை வந்தது.

வீரசோழன் ரோட்டை ஒட்டிய களம். நல்ல வத்தல், ஏழெட்டு மூட்டை தேறும். பொழுது சாய்கிற நேரம். சங்கையா காரைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கோகிலாம்பாள் மேலே ஏறி விளக்கைக் கொளுத்தினாள். மேற்கே கருத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். இடிச் சத்தத்தோடு சரி, இங்கே எங்கே பெய்யப்போகிறது என்று இருந்துவிட்டாள். கால் மணி நேரத்தில் புழுதிக் காற்று வந்து கூடாரத்தை ஆட்டியது. அதன் பின்னாலேயே மழை கொட்டியது.

காடாத்துணி அந்த மழைக்கு ஒரு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. விளக்கு அணைந்தது. துணி அவள் தலைமேலும் தோள்மேலும் ஒட்டிக்கொண்டது. உள்ளே உடுத்திய சேலையும் உடம்போடு ஒட்டிவிட்டது. வத்தல் போச்சே என்று கத்தினாள். இறங்கலாம் என்று ஏணியைத் தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்துக் களத்தில் ஏழெட்டு ஆம்பிளைகள் வண்டிக்கு அடியில் ஒதுங்கி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தர் மாப்பிள்ளை வீட்டுக்குப் பங்காளி.

அப்போது ரோட்டுப் பக்கமிருந்து சங்கையா ஓடிவந்தார். கையில் ஒரு கிழிந்த தார்ப்பாய்த் துண்டு. அதை விரித்துக் குவியலை மூடி, மூன்று முனையில் கல்லைத் தூக்கி வைத்தார். நாலாவது முனை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. கல் கிடைக்கவில்லை. அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டார்.

மழை ஒன்றரை மணி நேரம் பெய்தது. மேலே அவள், கீழே அவர். இரண்டு பேருக்கும் நடுவில் பூட்டின கார், சொட்டு ஈரமில்லாமல். சாவி அவள் இடுப்பில் இருந்தது. சாவியைத் தூக்கிப் போட்டுக் காருக்குள் உட்காருங்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? கை இரண்டு தடவை இடுப்புக்குப் போனது. மழையில் நனைந்த பெண் மேலே, டிரைவர் கீழே காருக்குள்ளே, விளக்கும் இல்லை. வண்டிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நாளைக்கு அதை எப்படிச் சொல்வார்கள்? வைகாசிக்கு ஒன்றரை மாசம்தான் இருக்கிறது. கையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, நனையிறீகளே" என்று மட்டும் சொன்னாள்.

"வத்தல் நனையல தாயி" என்றார் சங்கையா.

மறுநாள் வத்தலை ஏற்றிவிட்டு அவர்தான் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி இருமினார். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் கோகிலாம்பாள் நாலு ஆரஞ்சுப் பழமும் ஒரு ரொட்டியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறித் திருச்சுழிக்குப் போனாள். சங்கையா வீட்டுக்கு அவள் போவது அதுதான் முதல் தடவை.

அவர் பெண்டாட்டி பெத்தம்மாள் வாசலில் பாயை விரித்தாள். உள்ளே இருமல் சத்தம் கேட்டது.

"நெஞ்சுல சளி கட்டிருச்சாம் தாயி. மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்றாக. இன்னைக்குச் சாயந்தரம் போறோம்."

கோகிலாம்பாள் பழத்தையும் ரொட்டியையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். "அந்தத் தார்ப்பா மட்டும் இல்லாட்டி வத்தல் பூராம் போயிருக்கும்" என்றாள். சொன்ன பிறகு, வத்தலைப் பற்றியா பேசினோம் என்று வெட்கமாக இருந்தது.

"அது எங்க மாட்டுக் கொட்டத்துல கெடந்தது. பாலத்துக்குக் கீழ ஒரே ஈரமா இருக்குன்னு கீழ விரிக்க எடுத்துட்டுப் போனாக."

"எந்தப் பாலத்துக்குக் கீழ?"

"எந்த ஊருக் களமோ அந்த ஊரு ரோட்டுப் பாலந்தான். மொத வருசம் கோயில் மடத்துலதான் படுத்தாகளாம். அங்க நாலு பேரு கூடிக்கிட்டு, ஒங்க மொதலாளியம்மா எப்படின்னு நோண்டி நோண்டிக் கேக்குறாகளாம். தெனமும் எவன்கிட்ட மல்லுக்கு நிக்கிறதுன்னு பாலத்துக்குக் கீழயே போயிட்டாக."

கோகிலாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஊரு ஏதாச்சும் சொல்லிரும்னுதான் பெத்தம்மா நான் பயந்தேன். சொன்னா ஒனக்கும்தான சங்கடம்" என்றாள்.

பெத்தம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எனக்கு என்ன தாயி சங்கடம்? அந்தக் கூடாரத்துல யாரு இருக்காகன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. எனக்கு அவுகளயும் தெரியும், ஒங்களயும் தெரியும். அவுக எங்க படுக்குறாகன்னு நீங்கதான் ஒருநாளும் கேக்கல."

"கேக்கல" என்றாள் கோகிலாம்பாள்.

சங்கையா மதுரையில் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். சித்திரை இரண்டாம் தேதி உடம்பைத் திருச்சுழிக்குக் கொண்டுவந்தார்கள். கோகிலாம்பாள் துட்டிக்குப் போனாள். பந்தலில் இருந்த ஆம்பிளைகளைத் தாண்டி நேரே போய்ப் பெத்தம்மாளைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, ஒங்கள நனைய விட்டுட்டனே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட்டம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் செத்ததற்கு முதலாளியம்மா இப்படியா அழுவாள் என்று அன்றைக்கே பேச்சு கிளம்பி, சாயங்காலத்துக்குள் அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டது. ஐந்து வருஷமாக எந்தப் பேச்சு வந்துவிடக்கூடாது என்று விளக்கை ஏற்றி உட்கார்ந்திருந்தாளோ அதே பேச்சுத்தான். நரிக்குடிக்கும் போனது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், இரண்டு நாள் பேசினார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். வைகாசியில் குறித்த நாளில் கல்யாணம் நடந்தது.