ரோசாலியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

ரோசாலி இறந்த செய்தி முதல் ஷிஃப்ட் டீ இடைவேளையில் வந்தது. அழைத்தவர் முருகன். "அக்கா பூட்டாங்க சார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே..." என்றார். சரி என்று சொல்லிவிட்டு, டீயை முழுக்கக் குடித்த பிறகுதான் எழுந்தேன். அழுகை எனக்கு எளிதில் வருவதில்லை. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் அவர் சமைத்ததைச் சாப்பிட்ட உங்களில் பலருக்கு வந்திருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலை கான்டீனில் முன்பு சமையலுக்குப் பொறுப்பாக இருந்தவர் ரோசாலி. எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்ததும் வாடகை அறைகளிலிருந்து துரத்தப்பட்ட ஆறு பேரை ஒரு வாடகை வீட்டில் குடிவைத்து, தானும் அங்கேயே தங்கி, அவர்கள் வேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வர வழிசெய்தவர். முருகன் அந்த ஆறு பேரில் ஒருவர். வீட்டுக்கான பணத்தை ரோசாலி எங்களிடம்தான் திரட்டினார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மெயின் கேட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவுடன் நிற்பார்.

"அநாதை இல்லம்னு சொல்லிக் கேளுங்களேன், அள்ளிக் கொடுப்பாங்க" என்று ஒருமுறை புத்தி சொன்னேன். நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன். எல்லோரிடமும் குறை கண்டுபிடித்தே பழக்கம். அவர் டப்பாவை என் பக்கம் நீட்டினார். "எதுக்குன்னு சொல்வேன் சார். எங்கன்னுதான் சொல்ல மாட்டேன். மொதல்ல நீ போடு."

அந்த ரகசியத்தை உடைத்தவன் நான். ஒரு கோடையில் இரண்டாம் ஷிஃப்ட்காரர்கள் சேர்ந்து அந்த வீட்டுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வாங்கினோம். கொண்டுபோய் இறக்க வேண்டுமே என்று எனக்கு மட்டும் முகவரி சொல்லியிருந்தார். நம் ஊரில் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தால்கூட வெளிச்சம் மறையும் அளவுக்கு அதில் பெயர் எழுதுவோம். தொட்டியைச் சும்மா கொடுக்க மனம் வருமா? என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெயின்டை என்னிடம் கொடுத்தார்கள். 'எச்.ஐ.வி. உள்ளோர் இல்லத்துக்கு இரண்டாம் ஷிஃப்ட் தொழிலாளர்கள் உபயம்' என்று மஞ்சளில் கொட்டை எழுத்தில் எழுதினேன். ரோசாலி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மொட்டைமாடியில் ஏற்றி வைத்தோம். அவர் திரும்பி வருவதற்குள் தெருவே படித்துவிட்டது.

அவர் வந்தபோது வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். "இன்னாம்மா இது? அல்லாரும் இப்பவே காலி பண்ணுங்க" என்றார். உள்ளே ஆறு பேரும் துணிமணிகளைப் பையில் திணிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அது பழகிப்போன வேலை. நான் ஒன்றும் செய்யத் தோன்றாமல் ஓரமாக நின்றேன்.

ரோசாலி தொட்டியை அண்ணாந்து பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்குத்தான் கீது ஐயா. அவங்கல்லாம் என்கூட வாடகைக்குக் கீறவங்க. என் ஒருத்திக்காகத்தான் எழுதிக்கீறாங்க" என்றார்.

வீட்டுக்காரர் குரலை இறக்கினார். கிறிஸ்துமஸ் பிரியாணி அவர் வீட்டுக்கு ரோசாலி கையால்தான் போகும். "ரெண்டு வருசமா நீ ஆக்குனத நானுந்தான் துன்னுக்கினு கீறேன். எனக்கு இன்னா ஆயிடுச்சு?" என்று முனகினார். "அந்த எழுத்த பின்பக்கம் திருப்பி வை. தெருவுல போறவன் படிக்க வாணாம்." உடனே திருப்பி வைத்தோம். யாரும் வெளியேறவில்லை.

ஆனால் பேச்சு தொழிற்சாலைவரை வந்துவிட்டது. சமைப்பதால் இந்தத் தொற்று பரவாது என்பது கான்டீன் ஒப்பந்தக்காரருக்கும் தெரியும். "எனக்குத் தெரியும்மா, சாப்புடறவனுக்குத் தெரியணுமே" என்று சொல்லி ரோசாலியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நாங்கள் நாலு பேர் போய்ப் பேசியும் எடுபடவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே, ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் அவர் இட்லிக் கடை போட்டார். அங்கேயும் டப்பா இருந்தது. நான் போய்த் தலைகுனிந்து நின்றபோது, "உன் எழுத்து அவ்ளோ அழகா கீது சார், அதான் ஒருத்தர் வுடாம படிச்சிட்டாங்க" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அவருக்கு உண்மையிலேயே தொற்று இருந்ததா என்று நான் கேட்டதில்லை. மரியாதை என்று வெளியே சொல்லிக்கொள்வேன். பயம்தான் காரணம். இல்லை என்றால், என் ஒரு வரிக்காக இல்லாத நோயைத் தலையில் போட்டுக்கொண்டு வேலையை இழந்தார் என்றாகும். இருந்தது என்றால், அவர் தனக்குள் வைத்திருந்ததைத் தெருவில் நின்று சொல்லவைத்தவன் நான். இரண்டில் எதைக் கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.

மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, முன்னால் போன இரண்டு பேர் அதைப் பற்றித்தான் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். முருகன் என் பக்கம் வந்தார்.

"அக்கா எங்ககிட்ட சொல்லிக்கீறாங்க சார். உங்களுக்குச் சொல்லட்டா?"

"வேணாம் முருகா" என்றேன்.

இந்த முறை பயத்தில் சொல்லவில்லை. அன்றைக்குத் தெருவில் நின்ற அந்தப் பெண்மணிமேல் எனக்கு இருக்கும் மதிப்பு, முருகன் எந்தப் பதிலைச் சொன்னாலும் கூடப் போவதில்லை, குறையப் போவதும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அன்றைக்கு அவர் அப்படித் தெருவில் நின்றதை மட்டும்தான். மன்னிப்பு மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன். இங்கே கேட்கிறேன், ரோசாலி.