மூக்குக் கழுவும் பாட்டில்

என் லாக்கரில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த அக்கா, தன் சைனஸ் ஆபரேஷனுக்குப் பிறகு அதில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து, கேன்டீன் குழாயடியில் குனிந்து நின்று மூக்கைக் கழுவுவார். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார்.

ஓசூரில் வண்டிப் பாகங்களுக்கு பெயிண்ட் அடிக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. நான் மதுரைப் பக்கம், அவர் சிங்காரப்பேட்டை. பக்கத்தில் நின்று வேலை பார்த்ததில் அக்காவாகிவிட்டவர். பல வருட மூக்கடைப்பு. வாயால்தான் மூச்சு, வாசனை என்பதே கிடையாது. பெயிண்டில் தின்னர் கலக்கும் அறைக்கு ஆளுக்கொரு நாள் முறை. பத்தே நிமிடத்தில் தலை கிறுகிறுத்துவிடும். அதனால் அக்காவை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. "உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதேக்கா" என்போம். "பிரியாணியும் ஒண்ணுதான், தின்னரும் ஒண்ணுதான் எனக்கு. குடு புள்ள" என்று வாளியை வாங்கிக்கொள்வார். என் முறையில் முக்கால்வாசி அவர் போனதுதான். வாசனை தெரியாதவரை நெடி ஒன்றும் செய்யாது என்று நம்பினேன். அப்படி நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து வந்தவருக்குத் தலைவலி விட்டிருந்தது, தூக்கம் வந்தது. சில வாரம் கழித்து ஒரு நாள் டீ கிளாஸை மூக்கருகே வைத்தவர், "இஞ்சி போட்டிருக்கான் புள்ள!" என்று கண் கலங்கினார். நெடிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த வாரம் என் முறை வந்தபோது, "மண்டைய வலிக்குதுக்கா, இன்னைக்கு மட்டும்" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

அவர் கதவைத் திறந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார்.

"இதுலயா புள்ள இத்தினி வருசம் நின்னேன்? உனக்குத் தெரியுமில்ல?"

அவர் உள்ளே போய்க் கலக்கி முடித்துவிட்டுத்தான் வந்தார். அந்த மாதத்தோடு வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். பாட்டிலைக் குழாயடியிலேயே மறந்திருந்தார்.

போன வாரம் போன் செய்தேன். குரல் பழையபடி அடைத்திருந்தது. "திரும்ப வந்துடுச்சு புள்ள. இஞ்சி வாசனயும் போயிடுச்சு" என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இன்று என் முறை. பாட்டிலை ஓரமாக நகர்த்தி, அதன் பின்னால் இருந்த மாஸ்க்கை எடுத்துக்கொண்டு நானே போகிறேன்.