டிரெய்லர் வாசலில் ஃபிலோ டீச்சர்

செய்தி எங்கள் பாதயாத்திரைக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் ஐயப்பன்தாங்கலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். உடனே ஆவடிக்கு ஃபோன் போட்டேன். "தூக்கத்துலயே போய்ட்டாங்க ஆன்ட்டி, வலியே இல்ல" என்றாள் ஃபிலோ டீச்சரின் மகள். எனக்கு அழுகைக்கு முன்னால் "அப்பாடா" என்றுதான் வந்தது. கடைசி மாதங்களில் நோயில் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் நீங்கள். தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

முகப்பேரில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நான் தமிழ், அவர் விளையாட்டு ஆசிரியை. விசில் தொலைந்த நாளில்கூட மைதானம் அவர் குரலுக்கு அடங்கும். என் மகன் பிழைத்து எழுந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நான் வேண்டிக்கொண்டபோது, "மாதாவுக்கு இந்து, கிறிஸ்டியன்லாம் கெடையாது, வா" என்று அம்பத்தூர் குழுவில் சேர்த்துவிட்டவர் அவர்தான்.

முதல் முறை பாதி வழியோடு திரும்பினேன். ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் நாங்கள் தண்ணீரே குடிக்காமல் நடப்போம். எனக்குக் கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறி, ஆஸ்பத்திரியில் படுத்தேன். இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேண்டுதல் அப்படியே நின்றது. கட்டில் அருகே உட்கார்ந்து டீச்சர் சொன்னார்: "அழுவாத வசந்தி. அடுத்த வருசம் கக்கூஸையும் இட்டுகினு நடப்போம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அம்பத்தூர் பக்கம் பாடியில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நின்று, விடாமல் நச்சரித்து, ஒரு டிரெய்லரைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேலே நல்ல தண்ணீர் டேங்க், கீழே கழிவு டேங்க், நடுவில் பெண்களுக்கு ஒரு சின்ன அறை. குழுவின் டெம்போ அதை இழுத்துக்கொண்டு வரும். கழிவு டேங்க் நிரம்பினால் ஏதாவது ஊரில் கழிவுநீர் லாரியை வரவழைத்து உறிஞ்ச வேண்டும். அதுவரை கதவுக்குப் பூட்டு.

அந்த வருடம் கடலூரில் காலி செய்த டேங்க், சிதம்பரம் தாண்டுவதற்குள் நிரம்பிவிட்டது. சுற்றிலும் வயல். லாரி சாயங்காலம்தான் வரும் என்றார்கள். டெம்போ ஓட்டி வந்த செல்வம் மெல்ல ஆரம்பித்தான்: "யக்கா, வாய்க்கால்ல தொறந்து உட்டா இன்னா? யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்கலன்னா நாறாதா நைனா? அந்தத் தண்ணியிலதான அவுங்க நாத்து நடுவாங்க? பேசாம குந்து."

நாங்கள் சொல்லிவைத்தாற்போலத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். டீச்சர் கண்ணில் என் பாட்டில்தான் முதலில் பட்டது. மூடியே திறக்கவில்லை. "இன்னாடி, மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போவணுமா? குடி" என்று எதிரிலேயே நின்றார். குடித்து முடித்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வயலைத் தாண்டித் தெரிந்த ஊருக்குள் போய், தெருவின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். "யம்மா, நடந்து வர்றோம். எங்க பொம்பளைங்களுக்கு ஒங்க பாத்ரூம் வேணும்." தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்காத மனுஷி. அந்த அம்மாள் கதவை விரியத் திறந்ததோடு, தெருவையே கூப்பிட்டு எங்களுக்குக் கதவு திறக்கச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் லாரி வந்து போனபிறகு, டீச்சர் டிரெய்லர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு உள்ளே கேட்கும் சத்தத்தைக் கவனித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிக்கத் தொடங்கிவிட்டார். முன்னால் போனவள் சரியாக ஊற்றினாளோ இல்லையோ என்ற சந்தேகத்தில் ஒவ்வொருத்தியும் உட்காருவதற்கு முன்னால் ஒரு வாளி ஊற்றுகிறாள். எழுந்தபிறகு அடுத்தவள் முகம் சுளிக்கக் கூடாதே என்று இன்னொரு வாளி. "நாம போனதுல டேங்க் ரொம்பலடி. ஒருத்திய ஒருத்தி நம்பாததுல ரொம்பிக் கீது" என்றார்.

அன்றே சட்டம் போட்டார். வெளியே வருகிறவள் உள்ளே போகிறவளின் முகத்தைப் பார்த்து, "ஊத்திட்டேன், நீ ஊத்தாத" என்று சொல்ல வேண்டும். முதலில் கூச்சம் பிடுங்கித் தின்றது. மறுநாள் எங்களோடு நடந்த வயதான கன்னியாஸ்திரி ஒருவரே ஜெபம் போல அதைச் சொல்லிவிட்டு இறங்கினார். அப்புறம் எங்களுக்கு என்ன கூச்சம்? அதன்பின் கதவைப் பூட்டவே இல்லை. நான் முழுத் தூரமும் நடந்தேன். மாதா கோயில் வாசலில் டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதபோது, "வேர்வ நாத்தம், தள்ளிப் போ" என்று விரட்டினார்.

அவரிடமிருந்து எனக்குத் தங்கியது ஒரு சின்ன விஷயம்தான். பிறந்ததிலிருந்து வெளியே கிளம்புகிற நாளெல்லாம் தொண்டையைக் காயவிட்டே பழகியவள் நான். இப்போது அப்படி இல்லை. கல்லறைத் தோட்டத்தில் எவ்வளவு நேரமாகும், அங்கே வசதி உண்டா, எதுவும் தெரியாது. இருந்தும் அவரை அடக்கம் செய்யப் போன அன்று, ஒரு சொம்புத் தண்ணீர் முழுசாகக் குடித்துவிட்டுத்தான் வீட்டைவிட்டு இறங்கினேன்.