எதையும் திறக்காத சாவி

எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தில் எந்தப் பூட்டுக்கும் சேராத சின்னப் பித்தளைச் சாவி ஒன்று கிடக்கிறது. "இதை எதுக்குச் சொமக்கிய?" என்று கேட்பவர்களிடம் "கெடக்கட்டும்" என்பேன். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் இந்தச் சாவியைப் பற்றி அதற்கு மேல் பேசியதில்லை.

சாவி பெரிய சிஸ்டருடையது. பதினான்கு வருஷத்துக்கு முன் என் மகன் பிறந்த சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் அவர். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் நான் எல்லோரோடும் சண்டை போடுவதைப் பார்த்துச் சிரிப்பார். "இந்த வாயாடிக்குப் பெறக்கிய பிள்ள, ஓடு பறக்க அழும் பாத்துக்கோ" என்பார்.

பிள்ளை அழவில்லை. பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டாக்டர் மேலே வார்டில் இருந்தார். வலி அடங்கிய அந்த நிமிஷத்தில் அழுகைக்காகக் காது கொடுத்துக் கிடந்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் இரண்டு நர்ஸ்களின் குரல்தான். "சாவி எங்கட்டி?" "பெரிய சிஸ்டருக்க கையில. ஆராதனைக்குப் போயிருக்காவ." ஒருத்தி ஓடினாள். மற்றவள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்ன சாவி, எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிறவள், அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிள்ளையைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். பிழைத்தான். ஆனால் கழுத்து நிற்கவில்லை, கை கால் வழங்கவில்லை. தாய் சரியாக முக்கவில்லை என்றார் டாக்டர். பிறந்தவுடன் அழுததாக ஆஸ்பத்திரிக் காகிதம் சொன்னது. "நெறமாச வயித்தோட மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போயி கூட்டத்துல இடிபடாதேன்னு சொன்னேனா இல்லியா?" என்று மாமியார் கேட்டார். நானும் அதைத்தான் நம்பினேன். ஒன்றரை வருஷம், பிள்ளையைக் குளிப்பாட்டும் ஒவ்வொரு நாளும், அந்தக் கூட்டத்தில் எந்த இடியில் இது நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிறு மத்தியானம் பெரிய சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டாராம். கையில் வேதப்புத்தகம், காப்பி வேண்டாம் என்றார். பாயில் கிடந்த பிள்ளையை வெகுநேரம் பார்த்தார்.

"மக்கா, ஒனக்க பிள்ள மூச்சில்லாமத்தான் பெறந்தான். மூக்குல வச்சு அமுக்கிக் காத்துக் குடுக்கிய பை ஒண்ணு உண்டு. அது அலமாரிக்குள்ள இருந்து. சாவி எனக்க பேக்குல."

முன்பு ஒரு பை காணாமல் போய் டாக்டர் ஏசினாராம். அதிலிருந்து பையைக் கழுவித் துடைத்துப் பத்திரமாகப் பூட்டிவைப்பது இவர் வழக்கம். அன்று சாவி வாங்க ஓடிய நர்ஸ் பக்கத்துச் சர்ச் வாசலை எட்டியபோது நீண்ட ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் கண்ணை மூடி நிற்கிறார்கள். ஜெபத்தின் நடுவே கூப்பிடலாமா? அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆமென் சொல்லிக் கண்ணத் தொறந்தப்பந்தான் அவளப் பாத்தேன். ஓடி வந்தோம். அதுக்குள்ள டாக்டர் பூட்ட ஒடச்சிருந்தாரு. பெறந்ததும் அழுதான்னு எழுதச் சொன்னாரு. எழுதினதும் நாந்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. "ஒண்ணர வருசம் எங்க போயிருந்தீங்க?" என்று கத்தியது நினைவிருக்கிறது. "பயம் மக்கா" என்றார். வெளியே போங்கள் என்றேன். போகவில்லை. அடுக்களையில் இருந்த மாமியாரைக் கூப்பிட்டு, சொன்னதையெல்லாம் முதலிலிருந்து மறுபடி சொன்னார். "ஒங்க மருமொவ மேல ஒரு குத்தமும் இல்ல. மண்டைக்காட்டுக்குப் போனதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." மாமியார் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த மாசிக் கொடைக்கு அவரேதான் எங்களை மண்டைக்காட்டுக்கு அழைத்துப் போனார்.

அன்று சிஸ்டர் தந்த சாவிதான் இது. "கேஸ் குடு, நான் வந்து சொல்லுகேன்" என்றார். வந்தார், சொன்னார். ஆஸ்பத்திரி வக்கீல் பழி முழுவதையும் அவர் தலையில் கட்டப் பார்த்தபோதும் சொன்னதை மாற்றவில்லை. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அவரை மன்னித்தேனா என்றால், இல்லை. ஆனால் என்னை எனக்குத் திருப்பித் தந்தவர் அவர்தான்.

போன மாதம் அவர் இறந்துபோனார். சாவியை அவருடைய சவப்பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று நினைத்து, மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அடக்க ஆராதனைக்கு அதே சர்ச்சுக்குப் போனேன். ஜெபம் தொடங்கியது. எல்லோரும் கண்ணை மூடினார்கள், நான் மூடவில்லை. வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மகன் சத்தம் போட்டான். பேச்சு வராது அவனுக்கு. சத்தம் மட்டும் வரும். ஓடு பறக்கக் கத்தினான். நாலைந்து பேர் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் அவன் வாயை மெதுவாகப் பொத்துவேன். அன்று சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போடு மக்கா, இன்னும் சத்தமா போடு" என்றேன்.