மிராசுதார் காருக்கு நான் கட்டிய எக்ஸாஸ்ட்

1. மாடு இழுத்து வந்த கார்

அந்தக் கார் எங்கள் பட்டறைக்கு ஓடி வரவில்லை. இரண்டு மாடுகள் பூட்டி இழுத்து வந்தார்கள்.

நான் அப்போது அய்யம்பேட்டையில் காதர் பாய் பட்டறையில் கேஸ் வெல்டர். பம்பு செட், டிராக்டர், ரைஸ்மில் ஷாஃப்ட் என்று சுற்று வட்டாரத்தில் எது உடைந்தாலும் எங்களிடம்தான் வரும். கார் வருவது அபூர்வம். அதுவும் வெள்ளைக்காரன் காலத்து நாலு சிலிண்டர் கார், மெழுகு போட்டுத் துடைத்த கறுப்பு பானெட்டோடு, மாட்டு வாலுக்குப் பின்னால் அசைந்து வந்தால் கடைத்தெருவில் யார் வேலை பார்ப்பார்கள்? எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தவர் டிரைவர் தர்மலிங்கம். எங்கள் ஊர் மிராசுதாரின் டிரைவர். எங்கள் வீடு இருந்ததும் அந்த மிராசுதாரின் மனையில்தான்.

நிலத்தில் வேலை செய்து பிழைக்கிறவர்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்த நேரம். எங்கள் வீட்டில் மனு கொடுத்தது அம்மா. அப்பாவுக்கு மிராசுதார் முகத்தைப் பார்த்தாலே துண்டு தானாகக் கைக்கு வந்துவிடும், அவரால் எங்கே மனு கொடுக்க முடியும்? மிராசுதார் ஆட்சேபனை போட்டார். பாபநாசம் தாசில்தார் மூன்று முறை விசாரணைக்குக் கூப்பிட்டார். மூன்று முறையும் மிராசுதாரிடமிருந்து கடிதம்தான் வந்தது. கார் ரிப்பேர், வர இயலவில்லை, வாய்தா கொடுக்க வேண்டும்.

பஸ்ஸில் வரலாமே என்று கேட்பீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள் என்று தெரியாது. அவருக்கு அதுதான் பிரச்சினை.

நாலாவது முறை தாசில்தார் நோட்டீஸில் கறாராக எழுதிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வராவிட்டால், மனுதாரர் சொல்வதை மட்டும் கேட்டு உத்தரவு போடப்படும். அதனால்தான் கார் பட்டறைக்கு வந்தது.

2. மேனிஃபோல்ட்

இன்ஜின் ஹெட்டிலிருந்து வருகிற புகையைச் சேர்த்துப் பின்பக்கக் குழாய்க்கு அனுப்புவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். இந்தக் காரில் அது வார்ப்பிரும்பு. ஏற்கெனவே யாரோ இரண்டு முறை ஒட்டவைத்து, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விட்டிருந்தது. கையில் எடுத்ததும் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"மெட்ராஸ்ல கேட்டாச்சு, பம்பாய்ல கேட்டாச்சு. அந்தக் கம்பெனியே இப்ப இல்லையாம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடணும்னு ஐயா சொல்லிட்டாங்க," என்றார் தர்மலிங்கம்.

காதர் பாய் உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். "இத ஒட்டுனா ஊர் எல்லை தாண்டாது. குழாய வளைச்சுப் புதுசா கட்டிட வேண்டியதுதான். என்ன செல்வராசு, முடியுமா?"

முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்க நேரமாயிற்று. நான் இதைச் செய்யாவிட்டால் மிராசுதார் வரமாட்டார். அவர் வராவிட்டால் வீடு எங்களுக்கு. இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் என் வாழ்க்கையில் அதற்குமுன் வந்ததில்லை. முடியாது பாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நாளைக்குச் சொல்றேன் பாய்," என்றேன்.

அன்று சாயங்காலம் களை பறித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். அம்மா செம்பைக் கீழே வைக்கவில்லை.

"செய்யி. நல்லாவே செய்யி," என்றாள். "அவரு இல்லாதப்ப வாங்குனா, திருட்டுத்தனமா எழுதி வாங்கிட்டாங்கன்னு காலத்துக்கும் பேசுவாங்க. வரட்டும். நேருக்கு நேர் நின்னு கேட்டு வாங்குறேன். எனக்கென்ன வாயில்லையா?"

அம்மாவுக்கு வாய் உண்டு, மிராசுதாருக்கு வக்கீல் உண்டே என்று நினைத்துக்கொண்டேன்.

3. ஈர மணல்

குழாய்க்கு நான் எங்கும் அலையவில்லை. பக்கத்து ரைஸ்மில்லில் பாய்லர் கழற்றிப் போட்டபோது மிச்சமான ஒன்றரை அங்குல டியூப் கிடந்தது. நெருப்பிலேயே கிடந்து பழகிய இரும்பு. புகைக்கு அதைவிட நல்ல சரக்கு ஏது?

வெறும் குழாயை வளைத்தால் மடங்கிச் சப்பையாகிவிடும். உள்ளே மணலைக் கெட்டித்து, இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து, வளைக்கும் இடத்தைச் சிவக்கக் காய்ச்சி வளைக்க வேண்டும். மணலை முதலில் சட்டியில் போட்டு வறுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. குடமுருட்டியில் அப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் அள்ளிவந்த மணலை ஒரு பகல் வெயிலில் பரப்பினேன். கையில் ஒட்டவில்லை, சரிதான் என்று நிரப்பிவிட்டேன்.

காய்ச்ச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மணலுக்குள் இருந்த ஈரம் ஆவியாகி, ஆப்பு வெடிபோல் கிளம்பியது. காதர் பாயின் தொப்பியை உரசிக்கொண்டு போய்த் தகரக் கூரையில் ஓட்டை போட்டது. அரை அங்குலம் கீழே வந்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், ஜெயிலில் இருந்திருப்பேன்.

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கத்தவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டு விவகாரம் எனக்குத் தெரியும்ப்பா. உண்மையச் சொல்லு. வேணும்னு செஞ்சியா?"

"இல்ல பாய். அவசரத்துல வறுக்காம விட்டுட்டேன்."

"சரி. வறுத்துட்டு மறுபடி ஆரம்பி."

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி எனக்கு ரொம்ப வலித்தது. வேலையில் தப்புச் செய்தவன் என்று சொன்னால் தாங்கிக்கொள்வேன், வேலையைக் கெடுத்தவன் என்றால் தாங்க முடியாது. அதுவரை இழுத்தடிக்கலாமா என்று மனதின் ஓரத்தில் ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டிருந்தது உண்மை. அன்றோடு அது போய்விட்டது.

4. ஸ்டீரிங் ராடு

மூன்று நாளில் நாலு குழாயும் வளைத்துவிட்டேன். ஹெட்டில் உட்காரும் பிளாஞ்ச் தட்டைக் கனமான பிளேட்டில் வெட்டி, தர்மலிங்கம் கொண்டுவந்து கொடுத்த, அதே காரிலிருந்து முன்பு கழற்றிப் போட்ட பழைய ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கிக்கொண்டுதான் வெல்டிங் வைத்தேன். சும்மா வைத்து ஒட்டினால் சூட்டில் அப்பளம்போல் வளைந்துவிடும். நாலு குழாயும் கீழே ஒரே வாயில் சேர்ந்தன. பெஞ்சில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

காரில் ஏற்றினால் மூன்றாவது குழாய் ஸ்டீரிங் ராடில் இடித்தது. பழைய ஹெட்டை அளந்தேன், போல்ட் ஓட்டையை அளந்தேன், பக்கத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்கவில்லை. ஊரைக் கூட்டிக் காட்டியவன் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்!

"அழகெல்லாம் சரி, ஐயா நேரா மட்டும்தான் போவணுமா?" என்று தர்மலிங்கம் கேட்டார்.

வியாழக்கிழமை காலை மூன்றாவது குழாயை அறுத்து எடுத்தேன். இந்த முறை காரிலேயே பிடித்து வைத்து, விரல் நுழையும் இடைவெளி விட்டு, அங்கங்கே புள்ளி வைத்து ஒட்டி, அப்புறம் கழற்றி முழுசாக வெல்ட் செய்தேன். ஒட்டுகளின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசி உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றினோம். எங்காவது ஊசித்துளை இருந்தால் சுண்ணாம்பில் கறை தெரியும். தெரியவில்லை.

இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அதன் சத்தம் ஒரே சீராக, தாழ்ந்த குரலில் வந்தது. என் வீடு போனாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

5. வெள்ளிக்கிழமை

காலையில் தர்மலிங்கம் காரோடு வந்து நின்றார். பின் சீட்டில் மிராசுதார்.

"வழியில நின்னுட்டா யாரு பாக்குறது? நீயும் ஏறு," என்றார் மிராசுதார்.

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அழுக்கு பனியனோடு, கையில் ஸ்பேனரோடு. பாபநாசம் வரைக்கும் கார் ஒரு இடத்திலும் மூச்சு வாங்கவில்லை.

தாலுகா ஆபீஸ் வாசலில் அம்மாவும் எங்கள் தெரு ஜனமும் பஸ்ஸில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். மிராசுதார் காரிலிருந்து நான் இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

என்னை ஏன் ஏற்றிக்கொண்டு வந்தார் என்பது உள்ளே போனதும்தான் தெரிந்தது. தாசில்தார் ஆட்சேபனை என்னவென்று கேட்டதும் மிராசுதார் என்னைக் காட்டினார்.

"இந்தப் பையன்தான் மனுதாரர் மகன். கையப் பாருங்க, கிரீஸு. அய்யம்பேட்டை பட்டறையில வெல்டர். என் காருக்கு எக்ஸாஸ்ட் கட்டுனது இவன்தான், வாசல்ல நிக்குது. இவங்கள எப்படி விவசாயக் கூலிக் குடும்பம்னு சொல்றது?"

இரண்டு முறை வளைத்து, அறுத்து, மறுபடி ஒட்டி, எங்களுக்கு எதிராக நானே ஒரு சாட்சியைச் செய்து கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

தாசில்தார் அம்மாவைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அம்மா தாசில்தாருக்குப் பதில் சொல்லவில்லை. மிராசுதார் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, மனு கொடுத்தது அவன் இல்லீங்க, நானு. இந்தக் குறுவைக்கு உங்க வாய்க்காங்கரை வயல்ல மொத நாத்த வச்சது யாருங்க? கைராசிக்காரி அஞ்சலைய வரச் சொல்லுன்னு ஆள் விட்டது நீங்கதானே? நான் இல்லேன்னு இங்க சொல்லுங்க, கேட்டுக்கிட்டுப் போயிடுறேன்."

பத்து வருஷமாக அம்மா கை வைக்காமல் மிராசுதார் வயலில் நடவு தொடங்கியதில்லை. வேறு எதைப் பற்றியாவது கேட்டிருந்தால் மறுத்திருப்பார். விளைச்சல் வயலில் நிற்கும்போது, நட்ட கையை இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"அவதான் வச்சா," என்றார் கடைசியில்.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டார் தாசில்தார்.

"பத்து வருஷமா."

தாசில்தார் பேனாவைத் திறந்தார். பட்டா கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது, ஆனால் உத்தரவு அன்றே எழுதியாகிவிட்டது. வெளியே வந்து அம்மா என் பனியனைப் பிடித்து இழுத்து, "மூஞ்சியத் தொடச்சுக்க, கரி," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம்.

6. நட்டு

குழாயும் தகடும் வளைத்துக் கட்டும் இளம் ஃபேப்ரிகேட்டர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. மணலை வறுங்கள். பெஞ்சில் அளக்காதீர்கள், வண்டியில் அளங்கள். அதைவிட முக்கியம், புது எக்ஸாஸ்ட் போட்டால் வேலை அன்றைக்கே முடிவதில்லை. முதல் ஓட்டத்தின் சூட்டில் இடையில் வைத்த கேஸ்கட் அமுங்கி நட்டுகள் தளரும். ஆறின பிறகு ஒரு முறை போய் இறுக்கிவிட்டு வர வேண்டும். வண்டி யாருடையதாக இருந்தாலும் சரி.

போவதா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மிராசுதார் வீட்டுக்குப் போனேன். கார் வாசலில் நின்றது. அவர் வெளியே வந்து பார்த்தார்.

"பட்டறையிலேருந்தா வர்ற?" என்றார்.

"இல்லீங்க. எங்க வீட்டுலேருந்து."

அவர் படியிறங்கினார். அப்புறம் வந்து தன் கையாலேயே பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.